ஒரே கேபிளில் மிடியும் மின்சாரமும்: கிட்டார் ஃபுட் கன்ட்ரோலருக்கான முழு வழிகாட்டி

ஆடி மாதத்தில் ஓர் அம்மன் கோயில் மேடை. மூன்றாவது பாட்டின் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் கிட்டார் சத்தத்தை மாற்ற ஃபுட் கன்ட்ரோலரை மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. குனிந்து பார்த்தால் ஒரு விளக்குகூட எரியவில்லை. பூத்தட்டு எடுத்துக்கொண்டு மேடை ஏறிய ஒருவரின் காலில் வயர் சிக்கி, அடாப்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து கழன்று கிடந்தது. அந்தப் பாக்ஸ் இருந்த இடத்தைச் சுற்றித் தரையெல்லாம் மஞ்சள் தண்ணீர். நிகழ்ச்சி முடிந்ததும் சவுண்டு சர்வீஸ் அண்ணன் சொன்னார்: "தம்பி, கரண்ட் பாக்ஸை மேடை முன்னாடி கொண்டாராதீங்க. பின்னாடி எங்க வேணா குடுக்குறேன், முன்னாடி வேணாம்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அன்றிலிருந்து என் காலடிக்கு ஒரே ஒரு கேபிள்தான் வருகிறது. மிடி தகவலும் (இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறைதான் மிடி) அதில்தான், கன்ட்ரோலருக்கான மின்சாரமும் அதில்தான். 230 வோல்ட், கிட்டார் சத்தத்தை மாற்றும் கருவிகளை அடுக்கிய ராக் பக்கமே நின்றுவிடும். இதை எப்படிச் செய்வது, எங்கே தவறினால் எது பழுதாகும் என்பதை ஒவ்வொரு படியாக எழுதுகிறேன். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்து, சுமாராக ஈயம் வைக்கத் தெரிந்தால் போதும்.

முதலில், மிடி கேபிளுக்குள் என்ன இருக்கிறது

மிடி 1983-இல் வந்த ஏற்பாடு. ஐந்து பின் கொண்ட, டின் (DIN) எனப்படும் வட்டப் பிளக்கை அப்போதே தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ஐந்து பின்னிலும் வேலை இல்லை. 4-ஆம் பின்னும் 5-ஆம் பின்னும் தகவலைச் சுமக்கின்றன. 2-ஆம் பின், வயர்களைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னலான ஷீல்டுக்கு. 1-உம் 3-உம் சும்மா இருக்கின்றன. நமக்கு வேண்டியது அந்தச் சும்மா இருக்கும் இரண்டு பின்கள்தான்.

பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் பின்கள் அரைவட்டமாக நிற்கும். எண்கள் வரிசையாக இருக்காது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 1, 4, 2, 5, 3 என்று போகும். முதல் முறை ஈயம் வைப்பவர் பெரும்பாலும் இங்கேதான் தவறுவார். இரண்டு ஓரங்களும் 1, 3, நட்டநடு 2. பிளக்கின் உள்பக்கம், ஈயம் வைக்கும் இடத்தில், எண்கள் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள்.

மிடி தகவல் மின்னோட்டமாகவே போகிறது. கிட்டத்தட்ட 5 மில்லிஆம்பியர் ஓடினால் ஒரு நிலை, ஓடாவிட்டால் மறுநிலை, நொடிக்கு 31,250 பிட். வாங்கும் பக்கத்தில் அந்த மின்னோட்டம் ஒரு ஆப்டோகப்ளருக்குள் இருக்கும் சின்ன விளக்கை எரிக்கிறது. அந்த வெளிச்சத்தைப் பார்த்து மறுபக்கம் தகவலைப் புரிந்துகொள்கிறது. அதாவது இரண்டு கருவிகளுக்கும் நடுவே உலோகத் தொடர்பே கிடையாது. மிடி இன் சாக்கெட்டில் 2-ஆம் பின்னையும் எங்கும் இணைக்கக் கூடாது என்பதுதான் விதி. கிரவுண்ட் சுற்றி வந்து ஸ்பீக்கரில் ஹம் கேட்காமல் இருக்க இப்படிச் செய்தார்கள். நாம் மின்சாரம் அனுப்பும்போது இந்தப் பிரிவைக் கெடுத்துவிடக் கூடாது. கீழே சொல்லும் பாதி வேலை இதற்காகத்தான்.

இன்னொரு வகை, ஏழு பின் டின். ஐந்து பின் அரைவட்டத்தின் இரு ஓரங்களுக்கும் அப்பால் 6, 7 என்று இரண்டு பின்கள் கூடுதலாக இருக்கும். ஐந்து பின் பிளக் ஏழு பின் சாக்கெட்டில் நுழையும். ஏழு பின் பிளக் ஐந்து பின் சாக்கெட்டில் நுழையாது. ராக்ட்ரான் மிடி மேட் போன்ற கன்ட்ரோலர்கள் இந்த 6, 7 வழியாக 9 வோல்ட் ஏசி வாங்கிக்கொள்ளும். அந்தக் காலத்து ராக்ட்ரான் ராக் கருவிகள் சிலவற்றின் பின்னால் 'ஃபேன்டம் பவர்' என்று ஒரு சின்ன ஜாக் இருக்கும். கன்ட்ரோலரின் அடாப்டரை அங்கே குத்திவிட்டால் போதும். மின்சாரம் கேபிள் வழியே காலடிக்கு வந்துவிடும்.

மைக்குக்குப் போகும் 48 வோல்ட் ஃபேன்டம் பவருக்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. மைக்கில் பாட்டுப் போகும் அதே வயரில் மின்சாரமும் போகும். இங்கே மின்சாரத்துக்குத் தனி வயர். மிக்ஸரில் இருக்கும் 48 வோல்ட் பட்டனுக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

படி 1: உங்கள் கன்ட்ரோலர் என்ன சாப்பிடுகிறது

கன்ட்ரோலரைத் திருப்பிப் போட்டு லேபிளைப் படியுங்கள். நான்கு விஷயம் தெரிய வேண்டும்: எத்தனை வோல்ட், ஏசியா டிசியா, எத்தனை மில்லிஆம்பியர், டிசி என்றால் நடுமுனை பிளஸ்ஸா மைனஸ்ஸா. கிட்டார் பெடல்களில் நடுமுனை மைனஸ் என்பது பழக்கம். மிடி கன்ட்ரோலர்கள் பல நேர்மாறாக இருக்கும். பெடல் அடாப்டரை எடுத்து அப்படியே மாட்டிவிடாதீர்கள்.

டிசி கருவிக்கு 9 வோல்ட் ஏசி கொடுத்தால் அது பழுதாகலாம். ஏசி கேட்கும் கருவிக்கு டிசி கொடுத்தால் சில வேலை செய்யும், சில செய்யாது. லேபிளில் இருப்பதையே கொடுங்கள்.

லேபிளில் போட்டிருக்கும் மில்லிஆம்பியர் பெரும்பாலும் அடாப்டரின் அளவு. கருவி உண்மையில் அவ்வளவு இழுக்காது. அளந்து பார்ப்பது நல்லது. அடாப்டரிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் இரண்டு வயரில் ஒன்றை வெட்டி நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 10 ஆம்பியர் ஓட்டையில் குத்துங்கள். மில்லிஆம்பியர் ஓட்டையில் குத்தினால் மீட்டரின் சின்ன ஃபியூஸ் போய்விடக்கூடும். எல்லா விளக்கும் எரியும்போது என்ன காட்டுகிறது என்று பாருங்கள். எழுத்துத் திரையும் பத்துப் பன்னிரண்டு எல்இடியும் இருக்கும் ஒன்றுக்கு நான் அளந்தபோது 190 மில்லிஆம்பியர் வந்தது. உங்களுடையது வேறாக இருக்கலாம். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், 4-ஆம் படியில் வேண்டும்.

இங்கேயே ஓர் எச்சரிக்கை. பெஹ்ரிங்கர் எஃப்சிபி1010 நம் ஊர் மேடைகளில் அடிக்கடி கண்ணில் படும் கன்ட்ரோலர். அதற்கு வெளி அடாப்டர் கிடையாது. 230 வோல்ட் நேராகப் பெட்டிக்குள்ளேயே போகிறது. அதைக் கேபிள் வழி மின்சாரத்துக்கு மாற்ற முடியும், பலர் மாற்றியும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வேலை உள்ளே இருக்கும் மெயின்ஸ் பகுதியைத் தொட்டாக வேண்டியது. டிரான்ஸ்ஃபார்மர் வேலை நன்றாகத் தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுங்கள். இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு அதைத் திறக்க வேண்டாம்.

படி 2: கம்பெனியே வழி வைத்திருக்கிறதா

மேனுவலில் ஃபேன்டம் பவர் என்ற சொல்லைத் தேடுங்கள். இருந்தால் எந்தப் பின் என்பதும் அங்கேயே இருக்கும். மேனுவல் கிடைக்காவிட்டால் கருவியையே கேட்கலாம். எல்லா வயரையும் கழற்றிவிடுங்கள். மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து, ஒரு முனையை அடாப்டர் ஜாக்கின் நடுமுனையில் வையுங்கள். மற்ற முனையால் மிடி அவுட் சாக்கெட்டின் ஒவ்வொரு ஓட்டையையும் தொடுங்கள். அப்புறம் ஜாக்கின் வெளிமுனைக்கும் அதே போல். 1, 3-இலோ 6, 7-இலோ பீப் வந்தால் வழி இருக்கிறது. உள்ளே நடுவில், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு இருந்தால் பீப் வராது. மீட்டரை டையோடு நிலைக்கு மாற்றி, முனைகளை இரண்டு விதமாகவும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

1-உம் 3-உம் எப்போதும் சும்மா இருக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. ஃப்ராக்டல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 2 என்ற ராக் கருவியும் அதன் எம்எஃப்சி-101 கன்ட்ரோலரும் ஏழு பின் கேபிளில் பேசும்போது 6, 7-இல் மின்சாரம் போகும். 1, 3-இல் ராக்கிலிருந்து தகவல் திரும்பி வரும். டியூனரும் பாட்டுப் பெயரும் காலடியில் தெரிவது அதனால்தான். அப்படிப்பட்ட கருவியின் 1, 3-இல் நீங்களாக 9 வோல்ட் செலுத்தினால் தகவல் வாங்கும் இடமே போய்விடும்.

லைன் 6-இன் எஃப்பிவி வகைகள் மிடி கேபிளையே பயன்படுத்துவதில்லை. கம்ப்யூட்டர் நெட்வொர்க் கேபிளிலேயே தகவலும் மின்சாரமும் வருகின்றன. ஃப்ராக்டலின் எஃப்சி-6, எஃப்சி-12 இரண்டும் மைக் கேபிள் போன்ற எக்ஸ்எல்ஆர் கேபிளில் இரண்டையும் வாங்குகின்றன. இவை இருந்தால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், நல்ல கேபிள் ஒன்று வாங்கினால் போதும். இப்போது வரும் சின்ன கன்ட்ரோலர்களில் 3.5 மில்லிமீட்டர் டிஆர்எஸ் ஜாக்கில் மிடி இருக்கும். அதில் மொத்தமே மூன்று தொடர்புகள்தான், மூன்றும் மிடிக்கே சரியாகிவிடும். மின்சாரத்துக்கு இடம் இல்லை.

படி 3: கேபிளைச் சோதியுங்கள்

கடையில் விற்கும் மிடி கேபிள்களில் பல, உள்ளே மூன்றே தொடர்போடு வருகின்றன: 2, 4, 5. மிடிக்கு அது போதும் என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. வெளியே ஐந்து பின் தெரியும். 1, 3-இல் வயரே இருக்காது. நான் முதலில் வாங்கிய இரண்டு கேபிளும் அப்படித்தான். பெட்டி செய்து, வயர் எல்லாம் மாட்டி, மறுமுனையில் மின்சாரம் வரவில்லை என்று ஒரு மாலை முழுவதும் தேடினேன். கேபிளைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை.

ஆகவே பீப் நிலையில் 1-க்கு 1, 2-க்கு 2 என்று ஐந்தையும் பாருங்கள். அதோடு பக்கத்துப் பின்களுக்கு நடுவே பீப் வரக் கூடாது என்பதையும் பாருங்கள். பழைய டேப் ரெக்கார்டர் காலத்து டின் கேபிள் வீட்டில் கிடந்தால் அதை எடுக்காதீர்கள். சிலவற்றில் இரு முனைகளிலும் வயர் குறுக்காகப் போயிருக்கும். ஐந்து பின் டின்னிலேயே பின்கள் 240 டிகிரி விரிந்த வேறொரு வகையும் உண்டு. பிளக் வாங்கும்போது மிடி பிளக், 180 டிகிரி என்று கேட்டு வாங்குங்கள்.

நீங்களே கேபிள் செய்வதுதான் என் பரிந்துரை. நான்கு உள்வயரும் சுற்றி ஷீல்டும் உள்ள கேபிளை மீட்டர் கணக்கில் வாங்குங்கள். சென்னை என்றால் ரிட்சி தெருவில் கிடைக்கும். நான்கு வயர் 1, 3, 4, 5-க்கு. ஷீல்டு 2-க்கு. பிளக்கின் உலோக உறையில் ஷீல்டை இணைக்க வேண்டாம். மிடி கேபிள் 15 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பழைய விதி. மேடைக்கு 8 முதல் 10 மீட்டர் தாராளம்.

படி 4: வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது

பலர் தாண்டிப் போகும் படி இதுதான். பெட்டி செய்து, வீட்டில் 2 மீட்டர் கேபிளில் வேலை செய்து, மேடையில் 10 மீட்டர் போட்டதும் கன்ட்ரோலர் தானாக ரீசெட் ஆவதற்குக் காரணம் இங்கே இருக்கிறது.

தாமிர வயருக்கும் எதிர்ப்பு உண்டு. கேஜ் என்பது வயரின் தடிமனைச் சொல்லும் எண், எண் கூடினால் வயர் மெலியும். 24 கேஜ் வயர் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம். 28 கேஜ் மெல்லிய வயர் சுமார் 0.21 ஓம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 10 மீட்டர் கேபிளுக்கு 20 மீட்டர் கணக்கு. அப்படியானால் 24 கேஜில் 1.7 ஓம், 28 கேஜில் 4.3 ஓம்.

என் கன்ட்ரோலர் இழுக்கும் கிட்டத்தட்ட 200 மில்லிஆம்பியருக்கு 24 கேஜில் 0.34 வோல்ட்தான் தொலையும். 28 கேஜில் 0.85 வோல்ட். அதுவே 500 மில்லிஆம்பியர் இழுக்கும் பெரிய கன்ட்ரோலர் என்றால் 28 கேஜில் 2 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். பாதுகாப்பு டையோடு ஒன்று 0.4 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 9-இல் மிச்சம் 6.5 வோல்ட். கன்ட்ரோலருக்குள் பல நேரம் 7805 ரெகுலேட்டர் இருக்கும். அது 5 வோல்ட் சீராகக் கொடுக்க உள்ளே சுமார் 7 வோல்ட்டாவது வர வேண்டும். 6.5 வந்தால் கருவி திணறும். விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் எரியும் நொடியில் அணைந்து மறுபடி எழும்.

கேஜ் தெரியாத கேபிளுக்கும் ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு முனையில் 1-ஐயும் 3-ஐயும் முதலைக் கிளிப்பால் சேர்த்துவிட்டு, மறுமுனையில் 1-க்கும் 3-க்கும் நடுவே ஓம் அளவு எடுங்கள். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் அளவைக் கழித்துவிடுங்கள். கிடைக்கும் எண்ணை உங்கள் ஆம்பியரால் பெருக்கினால் தொலையும் வோல்ட். ஒரு வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி.

அதிகமாகத் தொலைந்தால் தடித்த வயர் போடுங்கள். லேபிளில் 9 முதல் 12 வோல்ட் வரை என்று இருந்தால் மட்டும் 12 வோல்ட் அடாப்டருக்குப் போகலாம். 9 என்று மட்டும் போட்டிருந்தால் ஏற்றாதீர்கள்.

பழைய கம்பெனிகள் 9 வோல்ட் ஏசியை விரும்பியதற்கும் இங்கே ஒரு காரணம் தெரிகிறது. 9 வோல்ட் ஏசியின் உச்சம் 12.7 வோல்ட். கருவிக்குள் ஏசியை டிசியாக மாற்றும் பிரிட்ஜில் 1.4 வோல்ட் போனாலும் 11 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். வழியில் கொஞ்சம் தொலைந்தாலும் ரெகுலேட்டருக்குப் பசி தீரும். பிளஸ், மைனஸ் மாறிவிடுமோ என்ற பயமும் இல்லை. உங்கள் கன்ட்ரோலர் 6, 7-இல் ஏசி வாங்கும் வகை என்றால் அந்த வழியிலேயே போங்கள். அடாப்டர் மட்டும் மூடிய பெட்டியில் தயாராக வரும் 9 வோல்ட் ஏசி அடாப்டராக இருக்கட்டும்.

படி 5: ராக் பக்கத்துப் பெட்டி

ராக் கருவியில் ஃபேன்டம் ஜாக் இல்லாதவர்களுக்கு இது. தேவையானவை: சின்னப் பிளாஸ்டிக் பெட்டி, ஐந்து பின் டின் சாக்கெட் இரண்டு, டிசி ஜாக் ஒன்று, 500 மில்லிஆம்பியர் பாலிஃபியூஸ், 1என்5819 டையோடு, ஒரு எல்இடி, அதற்கு 2.2 கிலோஓம் ரெசிஸ்டர்.

உலோகப் பெட்டியும் போடலாம். ஆனால் டிசி ஜாக்கின் வெளிமுனை பெட்டியைத் தொடும், டின் சாக்கெட்டின் உறையும் தொடும், அப்போது நாம் பிரித்து வைக்க நினைத்த கிரவுண்டுகள் நமக்குத் தெரியாமலே சேர்ந்துவிடும். பிளாஸ்டிக்கில் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு சாக்கெட்டின் மேல் 'காலடி' என்றும், மற்றதன் மேல் 'ராக்' என்றும் இப்போதே எழுதிவிடுங்கள். வயர் போடும் முறை இது. இரண்டு சாக்கெட்டுகளுக்கும் நடுவே 4-க்கு 4, 5-க்கு 5, 2-க்கு 2. இந்த மூன்றும் நேராகப் போகும். ராக் சாக்கெட்டின் 1, 3 இரண்டும் வெறுமையாக இருக்க வேண்டும். ஒரு துளி ஈயம்கூட அங்கே வேண்டாம். ராக் கருவிக்கு மின்சாரம் போகவே கூடாது.

டிசி ஜாக்கின் பிளஸ்ஸிலிருந்து பாலிஃபியூஸ், அதிலிருந்து டையோடு, டையோடின் கோடு போட்ட முனையிலிருந்து காலடி சாக்கெட்டின் 1-ஆம் பின். ஜாக்கின் மைனஸிலிருந்து நேராகக் காலடி சாக்கெட்டின் 3-ஆம் பின். எல்இடியை ரெசிஸ்டரோடு சேர்த்து டையோடுக்குப் பிறகு, 1-க்கும் 3-க்கும் நடுவே போடுங்கள். அப்போது கேபிளுக்கு உண்மையில் மின்சாரம் போகிறதா என்பதை விளக்கே காட்டும்.

3-ஐயும் 2-ஐயும் பெட்டிக்குள் சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் கிரவுண்ட்தானே என்று கை துறுதுறுக்கும். கன்ட்ரோலருக்குள் அவை சேர்ந்துதான் இருக்கும், அது போதும்.

1 பிளஸ், 3 மைனஸ் என்பது என் தேர்வு. இதற்குப் பொது விதி எதுவும் இல்லை. அதனால் பெட்டியின் மேல் அதையும் எழுதி வையுங்கள். கம்பெனியே 1, 3-இல் வழி வைத்த கருவி என்றால் அவர்கள் சொன்ன திசைதான் இறுதி.

பாலிஃபியூஸ் எதற்கு என்றால், மிடி கேபிளின் இரண்டு முனையிலும் பின் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். பெட்டியில் மாட்டிய கேபிளின் மறுமுனை மேடையில் கிடந்தால் அந்தப் பின்களில் 9 வோல்ட் உயிரோடு இருக்கும். ஒரு சாவியோ பித்தளைத் தட்டின் ஓரமோ பட்டால் ஷார்ட். பாலிஃபியூஸ் சூடாகித் தடுத்துவிடும், ஆறியதும் பழைய நிலைக்கு வந்துவிடும். மாட்டும்போது எல்லாக் கேபிளும் போட்ட பிறகே அடாப்டரை ஆன் செய்யுங்கள். கழற்றும்போது அடாப்டர் முதலில்.

படி 6: கன்ட்ரோலர் பக்கம்

2-ஆம் படியில் வழி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இதை விட்டுவிடலாம். மற்றவர்கள் கருவியைத் திறக்க வேண்டும். வாரண்டி போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டு திறங்கள்.

மிடி அவுட் சாக்கெட் போர்டில் ஈயம் வைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். 1, 3-இன் புள்ளிகளிலிருந்து தாமிரக் கோடு எங்காவது ஓடுகிறதா? சில போர்டுகளில் அவற்றைக் கிரவுண்டோடு சேர்த்து வைத்திருப்பார்கள். சேர்ந்திருந்தால் 1-இல் நீங்கள் கொடுக்கும் 9 வோல்ட் நேராக ஷார்ட்டாகும். அந்தக் கோட்டைக் கத்தி முனையால் கீறி வெட்டிவிட்டு, மீட்டரில் உறுதி செய்த பிறகே தொடருங்கள்.

1-இலிருந்து ஒரு 1என்5819 டையோடு வழியாக, அடாப்டர் ஜாக்கின் பிளஸ்ஸுக்கு அடுத்து மின்சாரம் உள்ளே போகும் இடத்துக்கு ஒரு வயர். 3-இலிருந்து ஜாக்கின் மைனஸுக்கு ஒரு வயர். ஜாக்கின் பிளஸ்ஸிலும் ஒரு டையோடு வைத்துவிட்டால், யாராவது மறந்து அடாப்டரையும் கேபிளையும் சேர்த்து மாட்டினாலும் இரண்டும் மோதிக்கொள்ளாது. இங்கே டையோடு வைத்தால் பெட்டியில் உள்ள டையோடை எடுத்துவிடலாம். இரண்டு இருந்தால் இரண்டு முறை 0.4 வோல்ட் போகும். அப்புறம், பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று. நீளமான கேபிளின் முனையில் எல்லா விளக்கும் ஒன்றாக எரியும் நொடிக்கு அது கைகொடுக்கும்.

படி 7: கருவியை மாட்டும் முன்

பெட்டி, கேபிள், அடாப்டர் மூன்றையும் சேருங்கள். கன்ட்ரோலரையும் ராக்கையும் மாட்ட வேண்டாம். கேபிளின் காலடி முனையில் 1-க்கும் 3-க்கும் நடுவே வோல்ட் பாருங்கள். சிவப்பு முனை 1-இல் இருக்கும்போது மைனஸ் குறி வந்தால் எங்கோ மாறிவிட்டது. 4, 5, 2 மூன்றிலும் 3-ஐ ஒப்பிட்டால் எதுவும் வரக் கூடாது. ராக் சாக்கெட்டின் 1-க்கும் 3-க்கும் நடுவே சுத்தமாகச் சைபர் வர வேண்டும்.

சும்மா கிடக்கும் கேபிளில் 9 வோல்ட் காட்டுவது பெரிய விஷயமல்ல. சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும். 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை முதலைக் கிளிப்பால் 1-க்கும் 3-க்கும் நடுவே மாட்டுங்கள். கிட்டத்தட்ட 190 மில்லிஆம்பியர் ஓடும். ரெசிஸ்டர் விரலைச் சுடும் அளவுக்குச் சூடாகும், வெறும் மேசை விரிப்பின் மேல் வைக்காதீர்கள். அந்த நிலையில் வோல்ட் எவ்வளவு என்று பத்து நிமிடம் பாருங்கள். 4-ஆம் படியில் போட்ட கணக்குக்கு அருகில் நின்றால் சரி. மெல்ல இறங்கிக்கொண்டே போனால் அடாப்டர் பொய் சொல்கிறது, அல்லது ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. பெரிய கன்ட்ரோலர் என்றால் இரண்டு ரெசிஸ்டரைப் பக்கம் பக்கமாகப் போடுங்கள், 380 மில்லிஆம்பியர் கிடைக்கும்.

இது தேறிய பிறகு கன்ட்ரோலர். விளக்கு வந்ததும் ஒவ்வொரு சுவிட்சாக மிதியுங்கள். கடைசியாக ராக்.

ஹம், கூச்சல், ரீசெட்

மாட்டியதும் ஸ்பீக்கரில் புதிதாக ஹம் வந்தால், பெரும்பாலும் காரணம் அடாப்டரைப் பங்கு போட்டதுதான். பெடல்போர்டுக்கு மின்சாரம் தரும் அதே சப்ளையிலிருந்து பெட்டிக்கும் ஒரு வயர் இழுத்திருப்பீர்கள். அதோடு கன்ட்ரோலரின் ரிலே ஜாக்கிலிருந்து ஆம்ப்ளிஃபயரின் சேனல் மாற்றும் ஜாக்குக்கும் ஒரு கேபிள் போயிருக்கும். இரண்டு வழியிலும் கிரவுண்ட் சேர்ந்து வட்டம் முடிந்துவிடும். கன்ட்ரோலருக்கென்று தனி அடாப்டர் வையுங்கள். வேறு எதற்கும் அதைக் கொடுக்காதீர்கள்.

ஹம் இல்லாமல் மெல்லிய விசில் போலக் கேட்டால் மலிவான ஸ்விட்சிங் அடாப்டராக இருக்கலாம். அந்த வகையில் இரண்டு பின் பிளக்கோடு வருபவற்றில் இன்னொரு குணமும் உண்டு: கன்ட்ரோலரின் உலோக உடம்பை வெறுங்காலால் தொட்டால் லேசாக விறுவிறுக்கும். அளவில் சின்னதுதான், ஆனால் கிட்டார் கம்பியும் கையில் இருக்கும்போது அது எனக்குப் பிடிப்பதில்லை. எர்த் பின்னோடு வரும் நல்ல அடாப்டருக்கு மாறினேன், நின்றுவிட்டது.

ரீசெட் ஆவது வோல்ட் குறைவதால். 4-ஆம் படிக்குத் திரும்புங்கள். விளக்கெல்லாம் எரிகிறது, ராக் மட்டும் கேட்கவில்லை என்றால் 4-உம் 5-உம் எங்கோ இடம் மாறியிருக்கும். அதனால் எதுவும் கெடாது, மாற்றி ஈயம் வைத்தால் வேலை செய்யும்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. காலடி சாக்கெட்டுக்குப் போகும் கேபிளின் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றுங்கள். நான்கு பேர் வாசிக்கும் மேடையில் கீபோர்டுக்காரரும் மிடி கேபிள் வைத்திருப்பார், சுருட்டிக் கட்டும்போது எல்லாம் ஒரே பையில் போகும். உங்கள் கேபிள் அவரிடம் போனால் அவருக்கு ஒன்றும் ஆகாது, அது வெறும் கேபிள்தான். அவருடைய மூன்று வயர் கேபிள் உங்களிடம் வந்தால் காலடியில் விளக்கு எரியாது. என் பையில் சிவப்பு டேப் போட்ட கேபிள் இரண்டு இருக்கும். பெட்டியின் காலடி சாக்கெட்டிலும் அதே டேப்பில் ஒரு வட்டம் ஒட்டியிருக்கிறேன், இருட்டில் அவசரமாக மாட்டும் பையனுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக.